ருசி பார்த்தவள்

மூன்று பேரும் ஒரே மாதிரி பை வாங்கியிருக்கவே கூடாது. அந்த ஊரில் போய் இறங்கிய அன்றே, கடைத்தெருவில் தொங்கிய ஒரு சிவப்புத் துணிப்பையைப் பார்த்துக் குட்டி மயங்கிவிட்டாள். மூன்றாக எடுத்தால் விலை இறங்கும் என்று கடைக்காரர் விரலை விரித்துக் காட்டியதும் எனக்குக் கை துறுதுறுத்தது. கல்யாண மண்டபத்தை நிர்வாகம் பண்ணுகிறவள் நான். மொத்தமாக எடுத்துக் குறைத்து வாங்குவது என்றால் எனக்குத் தூக்கம்கூட வேண்டாம். ஆக, ஒரே நிறம், ஒரே நீளம், ஒரே ஜிப். நாற்பதைத் தாண்டிய மூன்று பேர் சீருடை போட்ட பிள்ளைகள் மாதிரி தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தோம்.

குட்டி என்றால் குட்டியெல்லாம் இல்லை. ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. கல்லூரி விடுதியில் கிண்டலுக்கு வைத்த பெயர், வங்கியில் அதிகாரியான பிறகும் எங்கள் வாயில் மாறவில்லை. இன்னொருத்தி டீச்சர். கணக்கு நடத்துகிறாள். விடுதியிலேயே எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவள் என்பதால் வேலை கிடைப்பதற்கு முன்பே அவள் டீச்சர்தான்.

டீச்சருக்கு முந்திரி ஆகாது. ஆகாது என்றால் கொஞ்சம் அரித்து, கொஞ்சம் தடித்து, எண்ணெய் தடவினால் போய்விடுகிற சமாச்சாரம் இல்லை. ஒரு துண்டு உள்ளே போனாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துக்கொள்ளும். விடுதியில் ஒரு தடவை என் கண்முன்னால் நடந்தது. நீலம் பாரித்த அவள் உதடுகளை நான் இன்னும் மறக்கவில்லை. இப்போது அதற்கென்று ஓர் ஊசி வந்திருக்கிறது. தடித்த பேனா போல இருக்கும். மூடியை உருவிவிட்டுத் தொடையில் அழுத்திப் பிடித்தால் மருந்து இறங்கும். உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட அது போதும். அந்த ஊசி என் பையில்தான் இருக்கும். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு வீடு முழுக்கக் கண்ணாடியைத் தேடுகிறவளிடம் உயிரை எப்படிக் கொடுத்து வைப்பது? வெளியூர் போனால் ஊசி என்னிடம், ருசி பார்க்கிற வேலையும் என்னிடம். இப்படித்தான் எங்கள் ஏற்பாடு. டீச்சரைக் கேட்டா செய்தோம் என்று யாராவது கேட்டால், இல்லை.

இருட்டியதும் அந்த ஊரில் ஒரு நீளமான தெருவை வண்டிகள் வராமல் அடைத்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் தள்ளுவண்டிக் கடைகள், எரியும் அடுப்புகள், கண்ணைக் கரிக்கும் புகை. மாடிகளில் பாட்டும் கூத்துமாக இருக்கும். கீழே நின்றாலே நெஞ்சுக்குள் மேளம் அடிக்கும். ஊரே வீட்டில் சமைக்காமல் அங்கே வந்துவிட்டதோ என்னும்படி கூட்டம். இந்தத் தெருவில் ஒரு ராத்திரி சாப்பிட்டுத் தீர்ப்பதுதான் எங்கள் பயணத்தின் முக்கியமான திட்டம்.

நான் என் முறைப்படி ஆரம்பித்தேன். முதலில் போனில் முந்திரிப் படத்தைக் காட்டி, கையைக் குறுக்கே ஆட்டி, இருக்கிறதா என்று கேட்பேன். பிறகு சமைக்கிறவர் கண்ணைப் பார்ப்பேன். மண்டபத்தில் எத்தனை சமையல்காரர்களைப் பார்த்திருக்கிறேன்! 'ஒண்ணும் போடலீங்கம்மா' என்று வாய் சொல்லும்போதே கை எந்த டப்பாவை மறைக்கிறது என்று எனக்குத் தெரியும். கடைசியாக ஒரு கரண்டி வாங்கி நாக்கில் வைத்துப் பார்ப்பேன். குழம்பில் முந்திரி அரைத்துவிட்டிருந்தால் என் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

முதல் கடையில் மிளகாயில் புரட்டி எடுத்த இறைச்சி. குட்டி ஒரு வாய் வைத்துவிட்டுக் குதித்தாள். நான் விடுவேனா? ரெண்டு வாயாகப் போட்டு மென்றேன். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது, நாக்கு இருக்கிறதா என்றே தெரியவில்லை. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அன்று நாங்கள் சேர்ந்து சிரித்தது அவ்வளவுதான்.

அடுத்த கடையில் ஒரு பெரிய சட்டியில் வெள்ளைக் குழம்பு. அதில் காளான். டீச்சர் ஆசையாக எட்டிப் பார்த்தாள். கடைக்காரம்மாள் என் போன் படத்தைப் பார்த்துவிட்டு, 'இருங்க' என்பதுபோலக் கையைக் காட்டி, பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஆளைக் கூப்பிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. எங்கள் பின்னால் நின்றவர்கள் நெருக்கித் தள்ளினார்கள். நான் கரண்டியை எடுத்து ருசி பார்த்தேன்.

"பாலும் மாவும்தான்டி. பயப்படாம சாப்பிடு," என்றேன்.

டீச்சர் அதை ஒரு டப்பாவில் வாங்கிக்கொண்டாள். சூடு ஆறட்டும் என்று மூடியைத் திறக்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் ஒரு பெஞ்சு கிடைத்தது. மூன்று பைகளையும் அதில் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். எதிரே இனிப்புக் கடை. ருசி பார்க்கச் சொல்லி ஓர் ஆள் தட்டில் துண்டு துண்டாக நீட்டினான். மேலே எதையோ பொடித்துத் தூவியிருந்தது. டீச்சர் ஒரு துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். மோந்து பார்க்கத்தான் என்று பிறகு சொன்னாள். நான் அவள் மணிக்கட்டில் ஓங்கி ஒன்று போட்டேன். துண்டு எகிறிப் பக்கத்தில் நின்றவரின் சட்டையில் விழுந்தது. சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள்.

டீச்சரின் முகம் சிவந்துவிட்டது.

"நான் என்ன பச்சப்புள்ளையா? எதுக்குடி கைமேல அடிக்கிற?"

"தூளைப் பாத்தியா இல்லையா? அது என்னன்னு தெரியுமா உனக்கு?"

"மோந்துதான் பாத்தேன். வாயில வச்சேனா? ரெண்டு நாளா இதே கூத்து. கடைக்குக் கடை என்னைக் காட்டிக் காட்டி, 'இவளுக்கு ஆகாது, இவளுக்கு ஆகாது'ன்னு... ஊருக்கே தண்டோரா போட்டுட்ட."

"தண்டோரா போடாட்டி நீ பொணமாத்தான் ஊருக்குப் போவ."

சொல்லியிருக்கக் கூடாது. வாயில் வந்துவிட்டது. குட்டி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"போறேன்," என்றாள் டீச்சர். குரல் தாழ்ந்துவிட்டது, அதுதான் பயமாக இருந்தது. "பொணமா போனாலும் என் இஷ்டத்துக்குப் போறேன். உன் காவல் போதும்டி எனக்கு."

பெஞ்சிலிருந்து ஒரு பையை வெடுக்கென்று எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். மறுகையில் குழம்பு டப்பா. எதிரே மாடியில் பாட்டு அதிர்ந்துகொண்டிருந்த இடத்துக்குப் படியேறிப் போனாள். குட்டி என்னையும் படியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீயும் போ," என்றேன். "எனக்கு யாரும் வேண்டாம்."

அவளும் தன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் மிச்சமிருந்த பையை எடுத்துக்கொண்டு தெருமுனையை நோக்கி நடந்தேன். அறைக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுப்பது, நாளைக்கு அவளாக வந்து பேசும்வரை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு. நல்லது செய்தால் இதுதான் மரியாதை. நான் ஒருத்தி இல்லாவிட்டால் இவள் என்றைக்கோ போயிருப்பாள். இப்படி மனதுக்குள் அவளை வறுத்தெடுத்தபடியே கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். தெரு முடிந்து வண்டிகள் நிற்கிற இடம் வந்ததும் அறைச் சாவிக்காகப் பையைத் திறந்தேன்.

உள்ளே ஒரு சாக்பீஸ் டப்பா. மூக்குக்கண்ணாடிக் கூடு. டீச்சரின் போன்.

ஒரு நொடி ஒன்றும் ஓடவில்லை. பிறகுதான் உறைத்தது. அவள் எடுத்துப் போனது என் பை. ஊசி இருக்கிற பை. ஊசி அவள் தோளிலேயே தொங்குகிறது, அவளுக்குத்தான் தெரியாது. அங்கே ஏதாவது ஆகிவிட்டால் இரண்டு பேரும் என்னைத்தான் தேடுவார்கள்.

ஒன்றும் ஆகாது, அதற்குள் என்ன ஆகிவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு டீச்சரின் போனை எடுத்தேன். நல்லவேளை, அவள் போனைப் பூட்டுகிற வழக்கமில்லை. அதற்காகவும் அவளை எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். என் எண்ணுக்கு அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பாட்டுச் சத்தத்தில் பைக்குள் கிடக்கிற போன் யாருக்குக் கேட்கும்? குட்டிக்கு அடித்தேன். வேறொருவருடன் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னது. மறுபடி அடித்தேன். மறுபடியும் அதேதான். இந்த நேரத்தில் யாரோடு பேசுகிறாள் என்று எரிச்சலாக வந்தது. அடுத்த நொடியே புரிந்தது. அவள் எனக்கு அடித்துக்கொண்டிருக்கிறாள்.

விடாமல் அடித்தேன்.

கடைசியில் குட்டி எடுத்தாள். என் குரலைக் கேட்டதுமே அலறல்.

"டீச்சர் போன் உன்கிட்டயா? எங்கடி தொலைஞ்ச? அவளுக்கு மூச்சு விட முடியல! ஊசி வேணும், ஊசி! பெஞ்சுக்கிட்ட வந்து பாத்தா உன்னைக் காணோம்!"

"குட்டி, கேளு! ஊசி அவகிட்டயே இருக்கு! பை மாறிடுச்சு! மேல ஓடு!"

"என்ன? நீ எங்க இருக்க? கொண்டு வா சீக்கிரம்!"

"நான் கொண்டு வரவேண்டாம்டி, அவ தோள்ல இருக்கற பையில..."

இணைப்பு அறுந்துவிட்டது. மறுபடி அடித்தால் கிடைக்கவில்லை.

ஓடினேன். ஓடினேன் என்று சொல்வதுகூடத் தப்பு, அந்தக் கூட்டத்தில் ஓட முடியுமா? எதிரே வந்த ஊர் முழுவதையும் தோளால் இடித்தேன். யாருடைய தட்டோ கவிழ்ந்தது, யாரோ என் பின்னால் திட்டினார்கள். வந்தபோது கொஞ்ச தூரமாகத்தான் தெரிந்தது. இப்போது எவ்வளவு போனாலும் அதே புகை, அதே அடுப்புகள், அந்த மாடியைக் காணோம். ஓடிக்கொண்டே என் எண்ணுக்கு மறுபடி அடித்தேன்.

இந்த முறை எடுத்தார்கள்.

பாட்டு காதைக் கிழித்தது. அதற்கு அடியில் ஒரு மூச்சு கேட்டது. இழுத்து, நின்று, மறுபடி இழுத்து, விசிலடிக்கிறது மாதிரி ஒரு மூச்சு.

"டீச்சர்! டீச்சர்! பையில பாருடி! உன் பை இல்ல, என் பை அது! உள்பக்கம் ஜிப்பு, சின்ன ஜிப்பு, அதுக்குள்ள இருக்கு ஊசி! கேக்குதா? தொடையில குத்துடி! டீச்சர்!"

பதில் இல்லை. மூச்சு மட்டும். பிறகு போன் தரையில் விழுந்த சத்தம். அப்புறம் மூச்சும் கேட்கவில்லை, வெறும் பாட்டு.

நான் நடுத்தெருவில் வாய்விட்டுக் கத்தியிருக்கிறேன். என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. முன்னால் நின்றவர்கள் பயந்து விலகினார்கள். அந்த இடைவெளியில் புகுந்து ஓடினேன். பொணமாத்தான் போவ என்று சொன்ன வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கடவுளே, அவளைக் கொடு, இனிமேல் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். அதே மூச்சில், ரோஷத்துக்கு மேலே போய் எதைத் தின்று தொலைத்தாளோ என்று அவளைத் திட்டவும் செய்தேன்.

படி குறுகல். மேலேயிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி ஏறினேன். உள்ளே போனபோது யாரோ பாட்டை நிறுத்தினார்கள். திடீரென்று வந்த அமைதியில் என் செருப்புச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. ஒரு மூலையில் ஆட்கள் வட்டமாக நின்றார்கள். தள்ளிக்கொண்டு நுழைந்தேன்.

டீச்சர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் வீங்கிக் கோடாகிவிட்டன. உதடு அவளுடைய உதடாகவே இல்லை. அங்கே பரிமாறுகிற பெண் ஒருத்தி அவள் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தாள். என் பையிலிருந்த சாமான்கள் எல்லாம் தரையில் கொட்டிக் கிடந்தன. டீச்சர் தன் இரண்டு கையாலும் ஊசியைத் தொடையில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்!" என்று விழுந்தடித்துக்கொண்டு போய் அவள் கையைப் பிடிக்கப் போனேன்.

ஒரு விரலைத் தூக்கி 'இரு' என்று காட்டினாள். வகுப்பில் நடுவே பேசுகிற பிள்ளையை அடக்குகிற விரல். உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்து ஊசியை உருவி என் கையில் வைத்தாள். பிறகு சரிந்து என் மேல் விழுந்தாள்.

ஆம்புலன்ஸை அங்கிருந்தவர்கள் ஏற்கெனவே கூப்பிட்டிருந்தார்கள். குட்டி தலைவிரிகோலமாக வந்து சேர்ந்து, டீச்சர் மூச்சு விடுவதைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

ஆஸ்பத்திரியில் மறுபடியும் மருந்து ஏற்றினார்கள். மூக்கில் குழாய் வைத்தார்கள். உள்ளே விடவே இல்லை. வெளியே நானும் குட்டியும் உட்கார்ந்திருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். ஒருவழியாக டாக்டரம்மாள் வந்து, ஆபத்து தாண்டிவிட்டது, ஊசியை உடனே போட்டதால்தான் பிழைத்தார், விடியும்வரை கண்காணிப்பில் இருக்கட்டும் என்றார். கும்பிட்டேன். நானும் குட்டியும் உள்ளே போய் டீச்சரைப் பார்த்தோம். வீக்கம் பாதி வடிந்திருந்தது. பழைய முகம் கொஞ்சம் தெரிந்தது.

அவள் பிழைத்துவிட்டாள் என்று தெரிந்த அந்த நிமிஷமே எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதுவரை எங்கே ஒளிந்திருந்ததோ.

"ரோஷம் வந்தா கண்ணு மண்ணு தெரியாதா உனக்கு? என்மேல கோவம்னா என்னை ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம்ல? வீம்புக்குன்னு போய் எதையோ அள்ளித் தின்னுட்டு... என்னடி தின்ன? சொல்லு!"

டீச்சர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏதோ சாப்பிட்டேன். விடு," என்றாள். குரல் கரகரவென்று இருந்தது.

"ஏதோன்னா? என்ன ஏதோ? நான் பக்கத்துல இருந்திருந்தா இது நடந்திருக்குமா? அதுக்குத்தானே கத்தினேன்? அதுக்குத்தானே நாய் மாதிரி உன் பின்னாலயே அலையறேன்?"

"சரி. என் தப்புதான். விடு."

"விட முடியாது. இனிமே உன்கூட..."

"நிறுத்துடி!" என்றாள் குட்டி. குட்டி என்னிடம் குரலை உயர்த்தி நான் பார்த்ததே இல்லை. "மாடியில அவ ஒண்ணுமே வாங்கல. தண்ணி மட்டும்தான் குடிச்சா. நான் வறுவல் வாங்கி நீட்டுனேன். 'வேண்டாம், இதை அவ ருசி பாக்கல'ன்னுட்டா. அந்த டப்பாவைத்தான் தொறந்து சாப்பிட்டா. காளான் டப்பா. நீ பாத்து சரின்னு சொன்ன டப்பா."

"அதுல முந்திரி இல்லடி," என்றேன் உடனே. "நான்தான் வாயில வச்சுப் பாத்தேனே. பாலும் மாவும்..."

அதற்குமேல் வரவில்லை. மிளகாயில் வெந்துபோன என் நாக்கு. 'இருங்க' என்று கை காட்டிய அந்தம்மாள். அவள் கேட்டுச் சொல்கிறவரை நிற்காமல் நானே கரண்டியை எடுத்தது. எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

டீச்சர் குட்டியை முறைத்தாள். "சொல்லாதன்னு அப்பவே மாடியில உன்கிட்ட சொன்னேனா இல்லையா?"

 கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். என்மேல் உள்ள கோபத்தில் அவள் எதையாவது வாரித் தின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் உள்ளுக்குள் ஆசைப்பட்டிருக்கிறேன். காவல் போதும் என்று எழுந்து போனவள், என் காவலுக்கு உட்பட்டதை மட்டும்தான் சாப்பிட்டிருக்கிறாள்.

"அரிச்சிருக்குமேடி," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "வாயில வச்சதும் நாக்கு அரிச்சிருக்குமே. உனக்குத்தான் உடனே தெரிஞ்சிடுமே. துப்பித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

டீச்சர் மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டாள்.

"அரிச்சுது," என்றாள். "மொத வாய்லயே அரிச்சுது. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு இன்னும் ரெண்டு வாய் சாப்பிட்டேன்."